குவியாத வெள்ளிகள்

மறுநாள் அக்கா கனடாவுக்குப் போக இருந்தாள். எங்கள் ஊரான கரம்பொன்னின் வானத்தை ஒரே படமாக எடுத்து அவளிடம் கொடுத்துவிட ஆசைப்பட்டேன். வானியல் கமராவில் அகலக்கோண லென்ஸைப் பூட்டினேன். இரண்டையும் இணைக்க இடையில் போட்ட வளையம் சற்றுத் தடிப்பு. லென்ஸை எவ்வளவு திருகியும் ஒளி புள்ளியாகக் குவியவில்லை. வெள்ளிகள் என்று நாங்கள் சொல்லும் நட்சத்திரங்கள் வட்டங்களாக ஊதிக் கிடந்தன.

"பழுதாப் போச்சு அக்கா. வேற வளையமும் இல்லை."

படம் தெரிந்த மடிக்கணினியை அவள் தன் பக்கம் திருப்பினாள். "இதென்ன, வானத்தில தோசை சுட்டிருக்கிறாய்?" என்றவள் சட்டென்று திரைக்குக் கிட்டக் குனிந்தாள். ஒரு வட்டம் செம்மஞ்சள், ஒன்று நீலம், இன்னொன்று இளமஞ்சள்.

"வெள்ளியெல்லாம் வெள்ளை எண்டெல்லோ நினைச்சனான். இதையே தாவன்."

குவிந்திருந்தால் அந்த நிறங்கள் புள்ளிக்குள் வெளுத்துப் போயிருக்கும். அது நான் படித்த பாடம்தான். ஆனாலும் படத்தை அழிக்க விரல் வைத்திருந்தவள் நான். விளக்கேற்றாமல் இருவரும் வெகுநேரம் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.