பூச்சி வராத விளக்கு

மூன்று வருஷத்துக்கு முன்னால், புரட்டாசி மாதம், பள்ளிக்கூடங்களுக்குக் காலாண்டு விடுமுறை விட்டிருந்த சமயம். உத்தரகாண்டில் ஒரு பனிமலைக் கணவாயில் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிற நடைப்பயணத்துக்கு ஆரணியிலிருந்து இரண்டு பெண்கள் போனோம். ஒருத்தி நான், பட்டுப்புடவை வியாபாரம். இன்னொருவர் என் சிநேகிதி, அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். இரண்டு பேருக்கும் ஐம்பதை நெருங்குகிற வயசு. இந்த வயசில் உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் பாக்கி இல்லை.

நாங்கள் பழகியதே கோட்டை மைதானத்தில் காலை நடையில்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். வீட்டில் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். டீச்சர் சொல்வார். அதனாலேயே ஒட்டிக்கொண்டேன். என்னைவிட இரண்டு வயசு சின்னவர், என்னை அக்கா என்பார். நான் அவரை டீச்சர் என்பேன்.

அவருக்குச் சொந்த ஊர் தேசூர் பக்கம். பரம்பரையாக அங்கேயே இருக்கிற தமிழ்ச் சமணக் குடும்பம். சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டார், உதிப்பதற்கு முன்னாலும் சாப்பிட மாட்டார். வெங்காயம், உருளைக்கிழங்கு எதுவும் தொட மாட்டார். ஆனால் வேர்க்கடலை சாப்பிடுவார். அதுவும் மண்ணுக்குள்ளதானே விளையுது என்று மடக்கினேன். அது கிழங்கு இல்லை, காய் என்று எனக்குப் பாடமே எடுத்துவிட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மேல் எனக்கு மனத்தாங்கல். என் மகள் கல்யாணத்துக்கு அவருக்கென்றே பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் ஒரு பட்டுப்புடவை நெய்யச் சொல்லிக் கொடுத்தேன். மாம்பழ நிறம், மெல்லிசான கரை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் கல்யாணத்தன்று நூல் புடவையில் வந்து நின்றார். கூடப்பிறந்தவள் மாதிரி பந்தி வரைக்கும் பார்த்துக்கொண்டார், அதில் குறையே இல்லை. ஆனால் அந்தப் புடவையை அன்றைக்கும் கட்டவில்லை, அதற்கப்புறம் ஒரு நாளும் கட்டவில்லை. ஊரே என் புடவையைக் கட்டுகிறது, இவருக்கு மட்டும் என்ன? கலர் பிடிக்கவில்லையா, நெசவு பிடிக்கவில்லையா? கேட்டால் அல்பம் என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்காமல் விட்டேன். என்னைப் போன்றவளுக்கு அது லேசான காரியம் இல்லை.

மலைக்குப் போகலாம் என்றது டீச்சர்தான். "இமயமலைய மேப்புல குச்சியாலயே காட்டிகினு இருவது வருஷம் ஓடிப்போச்சு அக்கா. ஒரு தடவயாவது கால வச்சுப் பாக்கணும்" என்றார். சொன்னபோது அவர் கண்ணைப் பார்த்துவிட்டு என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கும்போது நீ மலைக்குப் போய் பேஜார் பண்ணுகிறாயே என்று என் வீட்டுக்காரர் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவிகாபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் அங்கிருக்கும் மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்கிப் பழகினோம்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு எனக்குக் கொண்டாட்டம்தான். பார்ப்பது எல்லாமே புதுசு. ஆரணியில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட் மேலே போகப் போக பலூன் மாதிரி உப்பிவிட்டது. பருப்பு குக்கரில் வைத்தால்தான் வெந்தது. எல்லாவற்றுக்கும் காற்றழுத்தம்தான் காரணம் என்று டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டே விளக்குவார். பத்தடி நடந்தால் நின்று மூச்சு விட வேண்டியிருந்தது. எங்களை அழைத்துப்போன வழிகாட்டி நாற்பது வயசு மலைக்காரர், அதிகம் பேசாதவர். மெதுவாக நட, நிற்காமல் நட என்பதுதான் அவர் சொன்ன ஒரே மந்திரம். எங்களோடு வந்த பெங்களூரு இளைஞர்கள் முதல் நாள் ஓடினார்கள், இரண்டாம் நாள் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள்.

முதல் நாள் கூடாரத்தில் ஒரு வேடிக்கை. பள்ளத்தாக்கு என்பதால் மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. "டீச்சர், சூரியன் போயிடுச்சு, இனிமே உங்களுக்குச் சோறு கெடயாதா" என்று கேட்டேன். அவர் எதிர்மலை உச்சியைக் காட்டினார். அங்கே வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. "மேகம் மூடினா ராத்திரி ஆயிடுமா அக்கா? இது வெறும் மறைப்புதான்" என்று சிரித்தார். எங்களோடு வந்த சமையல்காரரிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னார். மற்றவர்களுக்கு ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால், மறுநாளிலிருந்து அந்த மனுஷன் ஐந்து மணிக்கே டீச்சருக்கு மட்டும் சுடச்சுட ரொட்டியும் உருளைக்கிழங்கு போடாத கூட்டும் கொண்டுவந்து கொடுத்தார்.

படுக்கும்போது நான் என் வியாபார மூளையைக் காட்டினேன். பட்டு மெலிசாக இருந்தாலும் சூட்டைப் பிடித்துவைக்கும். நெசவில் பழுது விழுந்து விலைபோகாத இரண்டு பட்டுப்புடவைகளை எடுத்துவந்திருந்தேன். ஒன்றை மடித்து என் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டேன். மற்றதை டீச்சரிடம் நீட்டினேன். வேணாம் அக்கா, எனக்கு ஒடம்பு அரிக்கும் என்று சொல்லிவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எனக்குப் பழைய மனத்தாங்கல் மறுபடி தலைதூக்கியது. விரைப்பாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம்தான் அதைக் கவனித்தேன். சாப்பாட்டுக் கூடாரத்தில் ஒரு விளக்கு தொங்கியது. அதைச் சுற்றி ஒரு பூச்சிகூட இல்லை. எங்கள் ஊரில் புரட்டாசி மழை பெய்த மறுநாள் ட்யூப்லைட்டைப் போட்டால் ஈசல் சாம்பாரிலேயே வந்து விழும். இருட்டில் தெரியாமல் பூச்சியைத் தின்றுவிடக் கூடாது, விளக்கைத் தேடி வந்து அதுகள் சாகக் கூடாது, அதற்குத்தான் ராத்திரி சாப்பிடுவதில்லை என்று டீச்சரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் பூச்சியே இல்லாத ஊரில் எதற்கு விரதம்? விடுவேனா, போய்க் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க புரட்டாசில கவுச்சி தொடமாட்டீங்களே அக்கா, அது ஏன்?" என்று திருப்பிக் கேட்டார். எங்கம்மா தொடமாட்டாங்க, நானும் தொடமாட்டேன் என்றேன். அவரும் விளக்கைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆமாம், ஒண்ணுகூட இல்லையே என்று ஆச்சரியப்பட்டார்.

கணவாயைத் தாண்டும் நாள் விடியுமுன்னே கிளம்பினோம். எல்லோரும் கஞ்சி குடித்தார்கள். டீச்சர் குடிக்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகு நடந்துகொண்டே கொஞ்சம் வேர்க்கடலையும் ஒரு சத்துமாவு உருண்டையும் சாப்பிட்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது நான் பார்த்த காட்சியை எப்படிச் சொல்வது? எந்தப் பக்கம் திரும்பினாலும் பனி மூடிய சிகரம். டீச்சர் குனிந்து கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் பனியைத் தொட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்புறம் ஊன்றிவந்த கோலைத் தூக்கி, வகுப்பில் நிற்பது போலவே, "அந்தாண்ட திபெத்து. இந்தாண்டதான் கங்கைக்குத் தண்ணி வருது. நல்லா கவனிங்க" என்றார். அந்தத் தமிழ்ப் பாடத்தைக் கவனிக்க நான் ஒருத்திதான் இருந்தேன். சிரித்தபடியே அழுதேன்.

இறங்கும்போதுதான் வந்தது வினை. மத்தியானம் மேகம் கவிந்து ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்தது, பிறகு பனி. பாதையே மறைந்துபோனது. வழிகாட்டி பனிக்கோடாலியால் வெட்டி வெட்டிக் கால் வைக்க இடம் செய்துகொண்டே போனார், நாங்கள் அவர் பின்னால் ஊர்ந்தோம். ஜல்தி நட என்று அவர் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். கட்டிக்கொடுத்த மத்தியானச் சாப்பாடு உருளைக்கிழங்கு அடைத்த ரொட்டி. டீச்சர் ஓரத்தைக் கொஞ்சம் கிள்ளித் தின்றுவிட்டு மூடிவிட்டார். பையில் வேர்க்கடலை இருந்தது, ஆனால் விரல் மரத்துப்போய் ஜிப்பைத் திறக்க முடியவில்லை. கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

டீச்சர் நனைந்திருந்தார். பல் தந்தியடித்தது. ஈரத்துணியை மாற்றிப் படுக்கவைத்தேன், இருந்த கம்பளியை எல்லாம் போர்த்தினேன். கையில் அகப்பட்ட பட்டுப்புடவைகள் இரண்டையும் எடுத்துக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அப்பாடா என்று நான் நினைத்தேன். வழிகாட்டியின் முகம் மாறிவிட்டது. நடுக்கம் நின்றால் நல்லதில்லையாம். உடம்பு சூடு உண்டாக்குவதையே விட்டுவிட்டது என்று அர்த்தமாம். பேச்சும் குழறியது. உடனே உள்ளே சூடாக, இனிப்பாக ஏதாவது போக வேண்டும் என்றார். சமையல்காரர் சர்க்கரை போட்ட டீயும் குழைய வேகவைத்த கிச்சடியும் கொண்டுவந்தார்.

டீச்சர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். காலையில் சாப்பிடுகிறேன் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஐந்து வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக அவரை நீ என்று பேசினேன். "ஏம்மா, அந்த லைட்டப் பாரு. ஒரு பூச்சி இருக்குதா? எந்த உசுரு போவப்போவுதுன்னு இப்படிக் கெடக்கற? உன் புருஷனுக்கு, புள்ளைக்கு நான் என்னா பதில் சொல்வேன்?" என்று கத்தினேன். பூச்சி இல்லாதது எனக்கும் தெரியும் அக்கா என்று கண்ணை மூடியபடியே முனகினார். ஸ்பூனை வாயருகில் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். வற்புறுத்த எனக்குக் கை வரவில்லை.

வழிகாட்டி வாதம் எதுவும் செய்யவில்லை. எழுந்து வெளியே போனார். இவர் சாப்பிடவில்லை என்றால் இங்கே வைத்திருக்க முடியாது, இப்போதே கீழே இறக்கியாக வேண்டும் என்று தன் ஆட்களிடம் சொல்வது கேட்டது. கூடாரத் துணிக்கு வெளியே, தூக்கிப்போவதற்காகக் கயிற்றை எடுத்து இழுக்கிற சத்தம். சமையல்காரரும் அடுப்பை அணைத்துவிட்டு ஈர பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் கண்ணைத் திறந்தார். என்னைவிட அவருக்கு இந்தி நன்றாகப் புரியும். என்னைத் தூக்க எத்தனை பேர் என்று, திரும்ப உள்ளே வந்த வழிகாட்டியைப் பார்த்து இந்தியில் கேட்டார். நாலு பேர் என்றார் அவர். இந்த இருட்டிலா என்று கேட்டார். ஆமாம், ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும், தூக்கிக்கொண்டு போவோம், கவலைப்படாதீங்க என்று அந்த மனுஷன் சாதாரணமாகச் சொன்னார். நாங்கள் அன்றைக்கு இறங்கிய சரிவு எப்படிப்பட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

டீச்சர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். நான் தாங்கிப் பிடித்தேன்.

"அக்கா, டார்ச்ச கிட்ட புடிங்க" என்றார். எதற்கென்று விளங்காமல் பிடித்தேன். கிச்சடிக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். "என்னால ஒரு புழு பூச்சி சாவக் கூடாதுன்னுதான் இத்தினி வருஷம் இருந்துகினு வந்தேன். நாலு பேர இருட்டுல பள்ளத்துல எறக்கி வுடுவனா?"

ஒவ்வொரு ஸ்பூனையும் டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். எந்தப் பூச்சியும் வாழாத அந்தக் குளிரில் அப்படிப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை, டார்ச்சை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அந்த வெளிச்சம் அவர் கழுத்தில் விழுந்தது. அங்கே சுற்றியிருந்தது என் பட்டு.

புழு என்றாரே. ஒரு பட்டுப்புடவைக்கு எத்தனை புழு கூட்டோடு கொதிக்கிற தண்ணீரில் விழுகிறது என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டுச் சோறே அதுதானே. மாம்பழ நிறப் புடவை, கல்யாணத்துக்குக் கட்டிவந்த நூல் புடவை, உடம்பு அரிக்கும் என்று சொன்னது, எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. இத்தனை வருஷம் தினம் காலையில் என்னோடு நடந்தும் என் தொழிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அவர் சாக விடாமல் பார்த்துக்கொண்டவற்றில் என் மனசும் ஒன்று என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டார்ச்சை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு மெதுவாக அந்தப் பட்டை அவிழ்க்கப் போனேன். டீச்சர் அதன் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்க்கா. சூடா இருக்கு" என்றார்.

கிச்சடி முடிந்து டீயும் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் அவருக்கு மறுபடி நடுக்கம் வந்தது. நடுக்கத்தைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். வழிகாட்டி கயிற்றைச் சுருட்டி வைத்தார். சமையல்காரர் பூட்ஸைக் கழற்றினார்.

காலையில் நான் எழுந்தபோது டீச்சர் வெளியே வெயிலில் நின்று ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் தலைமாட்டில் இரண்டு பட்டுப்புடவைகளும் கடையில் மடிப்பது போல மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஊருக்கு வந்ததும் அவர் ஒரு நாள் உபவாசம் இருந்தார் என்று அவர் வீட்டுக்காரர் சொன்னார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

வியாபாரத்தை நான் விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவருக்கு ஒரு நூல் புடவை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை நடைக்கே அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு பேரும் மைதானத்தை நாலு சுற்று வந்தோம். இன்றைக்கும் எதைப் பார்த்தாலும் ஏன் என்று அவரைத் துளைத்து எடுக்கிறேன். பட்டைப் பற்றி மட்டும் கேட்டதே இல்லை. அன்றைக்கு அந்தக் குளிரில் என் பட்டின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டாரே, அதற்கு மேல் அவரிடம் நான் என்னத்தைக் கேட்பது?