இரண்டு சத்தியம், ஒரு சீட்டு

கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருப்பவளுக்கு ஊரில் எல்லோரும் வேண்டும். அதனால் தேர்தல் என்றாலே எனக்கு அலுப்பு. சட்டசபை, பாராளுமன்றம் என்றால்கூடப் பரவாயில்லை, கட்சிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஊராட்சித் தேர்தல் அப்படியா? நிற்பவரும் நம்மவர், தோற்பவரும் நம்மவர். நம் ஊரை நாமே ஆண்டுகொள்வதாம். ஆண்டு பார்த்தவர்களைக் கேட்க வேண்டும்.

போன முறை எங்கள் வார்டு பெண்களுக்கு என்று வந்தது. நின்றது இரண்டே பேர். பூட்டு சாவிச் சின்னத்தில் என் அண்ணி. ஆட்டோவில் பக்கத்துக் கடை அக்கா. எனக்கு டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் கடையோடு என் கடையையும் திறந்து பால் காய்ச்சியவர் அவர்.

அண்ணி பெருமைக்காக நிற்கவில்லை. அவர் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறாது. தினமும் காலையில் இரண்டு குடத்தோடு என் வீட்டுக் குழாய்க்கு வருவார். முழங்கால் தேய்ந்துவிட்டது. மெம்பரானால் தெருவுக்கு பைப் இழுத்துவிடலாம் என்று நம்பினார்.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் வாய் வார்த்தையை யாரும் நம்புவதில்லை. மலையைப் பார்த்துக் கற்பூரத்தை அணைத்துச் சொல்ல வேண்டும்.

"எல்லார்கிட்டயும் வாங்கறேன், உன்ன மட்டும் உட்டா நல்லாருக்காது. எனக்குத்தான் குத்துவேன்னு சொல்லும்மா."

சொன்னேன். சாயந்திரம் அக்காவும் ஒரு தட்டோடு வந்து நின்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பால் காய்ச்சிய கையைப் பார்த்துக்கொண்டு எப்படி மாட்டேன் என்பது? அவருக்கும் சொன்னேன்.

வார்டு ஓட்டுக்கு மெஷின் கிடையாது, சீட்டில் முத்திரை குத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் அட்டை மறைப்புக்குப் பின்னால் பூட்டு சாவியில் குத்திவிட்டேன். நிமிர்ந்தால் ஜன்னலில் மலை. சிறுவயதில் சொல்வார்களே, சாமி கண்ணைக் குத்தும் என்று, அந்தப் பயம் இந்த வயதிலும் போகவில்லை.

"சீக்கிரம் வாங்கம்மா, லைன் நிக்குது" என்றார் வாத்தியார்.

ஆட்டோவிலும் ஒன்று குத்தி மடித்துப் போட்டேன். செல்லாது என்று தெரியும். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். சத்தியம் இரண்டையும் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணி ஒரு ஓட்டில் தோற்றார்.

எண்ணும் இடத்தில் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த என் அண்ணன் கடைக்கு வந்து சொன்னார்: "ஒரு சீட்டுல ரெண்டுத்துலயும் குத்தி வச்சிருக்கு. அது மட்டும் நமக்கு வந்திருந்தா சமமாயிருக்கும், குலுக்கல்ல போட்டிருப்பாங்க."

தன் தெருவில் பூ கட்டுகிற அம்மாதான் அதைச் செய்தது என்று அண்ணி முடிவு கட்டினார். அந்த அம்மா என் கடை வாசலில் அழுதுகொண்டே இல்லையென்று சொன்னார். நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணிக்கும் அந்த அம்மாவுக்கும் பேச்சு இல்லை. நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அண்ணி தெரு பைப் என்னாச்சு என்று ஜெயித்த அக்காவைக் கேட்டால் எஸ்டிமேட் போயிருக்கிறது என்கிறார். வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது மறுபடி தேர்தல் பேச்சு. இன்று காலை அண்ணி குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, முழங்காலை நீவியபடி சொன்னார்:

"இந்த வாட்டியும் நிக்கப் போறேன். உன்கிட்ட கற்பூரம் எடுத்துக்கினு வரமாட்டேன். அத்தினி பேர்ல மலையப் பாத்து சொன்ன சொல்ல காப்பாத்துனவ நீ ஒருத்திதான்."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடிவிட்டு அவர் இடுப்பில் தூக்கி வைத்தேன். படியில் ஒரு காலை வைத்து, சுவரைப் பிடித்து நின்று, பிறகு மறு காலை இறக்கினார்.