நம்ம பாப்பா

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னை ஆபீசில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எடை பார்ப்பது எப்படி, சத்துமாவைக் கட்டி தட்டாமல் கஞ்சி காய்ச்சுவது எப்படி என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் பேசும் விதத்துக்கு வந்தார்கள். தாய்மார்களிடம் 'உங்க புள்ளை' என்று சொல்லக் கூடாது, 'நம்ம புள்ளை' என்றுதான் சொல்ல வேண்டும். 'உங்க' என்றால் தள்ளி நின்று பேசுவது போல இருக்குமாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பேச்சில் நான் கெட்டிக்காரி. அன்றிலிருந்து வாயைத் திறந்தால் நம்ம, நம்ம, நம்மதான்.

கூரம் தாண்டி, பஸ் போகாத ஓர் ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்பு என் பொறுப்பு. எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேன் மாதம் ஒருமுறை நர்ஸம்மாவோடு அங்கே வரும். மற்ற நாட்களில் நான் மட்டும் ஸ்கூட்டியில் போவேன். மழை பெய்துவிட்டால் வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டும். இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வேன். பட்டுத்தறி வீட்டு மருமகள் ஊருக்காக இப்படிக் கஷ்டப்படுகிறாளே என்று அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

குழந்தைகளின் கையை அளக்க ஒரு நாடா கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் நாடா என்றால் தறியில் பாவுக்குள் இப்படியும் அப்படியும் ஓடுவது. இது வேறு, விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. மேல்கையில் சுற்றி இழுத்தால் சின்ன ஜன்னல் போன்ற ஓட்டையில் ஒரு நிறம் தெரியும். பச்சை என்றால் நல்லது. மஞ்சள் என்றால் சத்துக் குறைவு, மாவு கொடுத்துத் தேற்ற வேண்டும். சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி. அங்கே இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் நான் இதைப் பாடமாகவே நடத்தியிருந்தேன். முட்டையைப் பற்றியும் பேசுவேன். எங்கள் வீடு சைவம், நான் முட்டையைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனாலும் முட்டையின் மகிமையைப் பேச என்னை விட்டால் ஆள் இல்லை. ஒருத்தி மாவை ஆட்டுக்குட்டிக்குக் கரைத்து வைத்தாள் என்று கேள்விப்பட்டு, எல்லோர் எதிரிலும் அவளைக் காய்ச்சி எடுத்திருக்கிறேன்.

ஒரு மாதம், வேன் போகும் நாளில் என் மாமியார் ஊரில் இல்லை. மூன்றரை வயது மகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல், பவுடர் போட்டு, நல்ல கவுனாக மாட்டி, கூடவே கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று ஒரு இளம் தாய் தன் குழந்தையை அளக்க விடவில்லை. செங்கல் சூளையில் வேலை முடிந்து சில நாட்களுக்கு முன்புதான் ஊர் திரும்பியிருந்தாள். மற்ற எல்லோரும் என்னை 'மேடம்' என்று கூப்பிட, இவள் மட்டும் பார்த்த முதல் நாளே 'அக்கா' என்றவள். அவள் இடுப்பில் இருந்தது பெண் குழந்தை, ஒரு வயது இருக்கும், கையெல்லாம் குச்சி குச்சியாக இருந்தது.

"செவப்பு வந்துச்சின்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு பூடுவீங்கக்கா. சூளையில எங்கூட வேல செஞ்சவ புள்ளைய அப்டித்தான் தூக்கிக்கினு போனாங்க. திரும்பி வரல."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா. நம்ம பாப்பாவுக்கு வளையல் போட்டுப் பாக்கற மாரிதான். இங்க பாரு, இதுவும் நம்ம பாப்பாதானே," என்று சொல்லிக்கொண்டே என் மகளை இழுத்து நிறுத்தி, அவள் கையில் நாடாவைச் சுற்றினேன்.

மஞ்சள்.

நான் அளந்த எத்தனையோ கைகளில் என் மகளின் கை மட்டும் இல்லை. அளக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. சுற்றிலும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். என் விரல் தானாகத் தளர்ந்தது. நாடா நெகிழ்ந்து, ஓட்டையில் பச்சை வந்து நின்றது. "பச்சை! பாத்தீங்களா?" என்றேன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

மற்றவர்கள் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கத்திலேயே குந்தியிருந்த அவள் பார்த்துவிட்டாள். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் குழந்தையின் கையை நீட்டினாள். அதுவும் மஞ்சள். அதை நான் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

மாவுப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு போனவள், வேன் கிளம்பும் நேரத்தில் திரும்பி வந்தாள். ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"பாப்பாவுக்கு வச்சிக்கோக்கா. நம்ம ரெண்டு பாப்பாவும் ஒரே மாரிதான் இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. 'நம்ம'வா? யாரோடு யாரைச் சேர்க்கிறாள்?

"எங்க வீட்ல சோத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லம்மா. எங்க பாப்பாவயும் உங்க பாப்பாவயும் ஒண்ணா சேத்துப் பேசாத."

அவள் மெதுவாகக் கொடுத்ததை நான் ஊருக்கே கேட்கும்படி திருப்பிக் கொடுத்தேன். வேனுக்குள் இருந்த நர்ஸம்மா தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அவள் "செரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வழி முழுக்க என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் வீட்டில் அவளை மறுபடி அளந்தேன். இடது கையிலும் பார்த்தேன், வலது கையிலும் பார்த்தேன். மஞ்சள்தான். தறியில் உட்கார்ந்திருந்த கணவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார். "அது அந்த மாரி புள்ளைங்களுக்குன்னு செஞ்ச டேப்புமா. நம்ம பாப்பாவுக்கு எப்டி சரிப்படும்? நம்ம வம்சமே ஒல்லிதானே."

ஏரிக்கரையிலிருந்து வரும் வழியெல்லாம் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்ததும் இதுதான், வார்த்தை மாறாமல். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது உடம்பு கூசிவிட்டது.

என் மகள் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று அன்றுதான் யோசித்தேன். காலையில் டீயும் பன்னும். மத்தியானம் மாமியார் ஊட்டும் ரெண்டு வாய் ரசம் சாதம். அழுதால் பாக்கெட் சிப்ஸ். எங்கள் தெரு அங்கன்வாடியிலும் சத்துமாவு கொடுக்கிறார்கள்தான். அது ஏழைப்பட்டவர்களுக்கு என்று நினைத்து, வாங்கியதை எதிர்வீட்டு மாட்டுக்குத் தவிட்டோடு கலந்து வைத்துக்கொண்டிருந்தோம். என் கையாலேயே வைத்திருக்கிறேன். ஆட்டுக்குட்டிக்கு வைத்தவளைத் திட்டியதும் இதே வாய்தான்.

நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அங்கன்வாடி மாவை ஒழுங்கா காச்சிக் குடும்மா, டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிடு," என்றதோடு சரி. மாவை வாங்கி வந்து, கடையில் விற்கும் சத்துபானத்தின் காலி பாட்டிலில் கொட்டி வைத்தேன். யாராவது கேட்டால் கடையில் வாங்கியது என்று சொல்லலாமே. அவ்வளவு பட்டும் எனக்கு அக்கம்பக்கத்தைப் பற்றித்தான் கவலை.

அதற்குப் பிறகு ஏரிக்கரைக்கு ஸ்கூட்டியில் போன நாட்களில் அந்தப் பெண் கண்ணில் படவில்லை. விறகுக்குப் போயிருக்கிறாள் என்பார்கள், மீன் பிடிக்கப் போயிருக்கிறாள் என்பார்கள். குழந்தையையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மஞ்சளில் இருக்கும் குழந்தை சிவப்புக்குப் போக ஒரு காய்ச்சல் போதும், ஒரு வயிற்றுப்போக்கு போதும். அப்படி ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நான்தான் காரணம். அந்த மாதம் பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து வேன் போன நாளில் மகளை வேண்டுமென்றே கூட்டிக்கொண்டு போனேன். அவள் குடிசை வாசலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நேராக அவள் எதிரில் போய் நின்று, என் மகளின் கையில் நாடாவைச் சுற்றினேன். பெண்கள் கூடிவிட்டார்கள்.

"மஞ்சள்," என்றேன். "போன மாசமும் மஞ்சள்தான். பச்சைன்னு நான் பொய் சொன்னேன்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. பின்னால் இருந்து ஒரு பெண் சிரித்தாள். ஆட்டுக்குட்டிக்கு மாவு வைத்தவள்தான். "அது எங்களுக்கு அன்னிக்கே தெரியுமே மேடம். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து தன் குழந்தையின் கையை நீட்டினாள். சுற்றினேன். இழுத்தேன். பச்சை. மஞ்சளை அப்போதுதான் தாண்டியிருந்தது, ஆனால் பச்சைதான். நான் சொல்லிக் கொடுத்தபடியே, வேளை தவறாமல் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நம்ம பாப்பா தேறிடுச்சி!" என்றேன்.

"ஆமாக்கா," என்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "எங்க பாப்பா தேறிடுச்சி."

பிறகு குனிந்து என் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, எனக்கு ஆறுதலாகச் சொன்னாள்.

"கவலப்படாதக்கா. உங்க பாப்பாவும் தேறிடும்."