மூன்று நாள் நனையக்கூடாத முடி

எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சுருட்டை முடி. அலையலையாக விழுந்து பார்க்கிறவர்களை மயக்குகிற சுருட்டை இல்லை. சீப்பை வைத்தால் சீப்புத்தான் உடையும். அம்மாவுக்கும் அப்படி, அம்மாவின் தங்கச்சி என் சின்னம்மாவுக்கும் அப்படி, எனக்கும் அப்படி. அதற்காக யாரும் பெரிதாக வெட்கப்பட்டதில்லை, தரகர் சின்னம்மாவின் படம் கேட்கும் வரைக்கும்.

படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் நல்ல மனசில் கம்பியூட்டரிலேயே முடியை நேராக்கிக் கொடுத்துவிட்டார். அந்தப் படம் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையின் தாய்க்குப் பிடித்துப்போய், மூன்று கிழமையில் ஞாயிறன்று பொம்பிளை பார்க்க வருகிறோம் என்று சொல்லியும் விட்டார்கள். பிறகுதான் அம்மா படத்தையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தா. “ஐயோ, இது வேற பொம்பிளையெல்லோ!” என்று தலையில் கை வைத்தா. படத்தைத் திருத்த வழியில்லை என்பதால் சின்னம்மாவைத் திருத்துவதென்று முடிவாயிற்று. சின்னம்மாவிடம் கேட்டதற்கு, “உங்கட விருப்பம்” என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டா.

காத்தான்குடியில் ஒரு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம், வீட்டு முன்னறையில் பார்லர் வைத்திருந்தா. கட்டாரில் இதே வேலை செய்துவிட்டு வந்தவ. போன உடனே மருந்தைப் பூசி அனுப்புவா என்று பார்த்தால், ரெண்டு கிழமை முடியைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டா. வீடு முழுக்கத் தேங்காய்ப்பால் மணம். சாப்பாட்டுக்கு இல்லாத முட்டையெல்லாம் சின்னம்மாவின் தலைக்குப் போனது. எனக்கு அதில் பயங்கரக் கோபம்.

கடைசிக் கிழமை, புதன்கிழமை, மறுபடி போனோம். ராத்தா பிடரியில் ஒரு சின்னக் கொத்தை மட்டும் பிரித்து, அதில் மருந்து பூசி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு கழுவி இழுத்துப் பார்த்தா. இன்னும் கொஞ்சம் கூடப் பூசினால் என்ன என்று அம்மா கேட்டதற்கு, “மருந்து கூடினா முடி வெந்து போகும் புள்ள. நேராகினா மட்டும் காணுமா, தலையில நிக்கவும் வேணுமே” என்றா. சூட்டு இடுக்கியையும் அளவான சூட்டில்தான் வைத்தா, ஒரு கொத்தை ரெண்டு தரத்துக்கு மேல் இழுக்கவில்லை. காலையில் போன நாங்கள் பின்னேரம் பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் எழும்பினோம்.

எழும்பும்போது சட்டம் சொன்னா. மூன்று நாளைக்கு முடியில் தண்ணி படக்கூடாது. கட்டக்கூடாது, கிளிப் குத்தக்கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். மீறினால் செய்ததெல்லாம் வீண். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “நீதான் காவல். ஒழுங்காப் பார்த்தா, பெரிய புள்ளையானதும் உனக்கும் செய்து தாறன்” என்றா. எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் தும்புத்தடி, வீடு கூட்டுகிற அதேதான். விடுவேனா? அன்றிரவு வரைக்கும் சின்னம்மாவுக்குப் பின்னாலேயே திரிந்தேன். வியர்த்தால் கொப்பியால் விசிறினேன். கை காதுப்பக்கம் போனால் கத்தினேன். அவ சிரித்துச் சிரித்து, “என்னகா, பொலிஸில சேந்திட்டியா?” என்று கேட்டா.

வியாழன் காலையில் உன்னிச்சையிலிருந்து போன் வந்தது. மாமாவின் மகன் செத்துப்போனாராம். வயல் வட்டைக்குக் காவலுக்குப் போன இடத்தில் யானை அடித்துவிட்டதாம்.

மாமா அம்மம்மாவின் தம்பி; அம்மாவும் சின்னம்மாவும் கூப்பிடுகிறபடி நானும் மாமா, மாமி, மச்சான் என்றே கூப்பிடுவேன். உன்னிச்சையில் கலியாணம் செய்து அங்கேயே இருந்தார். வயல் பங்கில் சண்டை வந்து, நாலு வருடமாக எங்களுக்கும் அவர்களுக்கும் போக்குவரத்து இல்லை. அந்த மச்சானை எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. முன்பெல்லாம் சைக்கிளில் தயிர்ச்சட்டி கட்டிக்கொண்டு வருவார். சட்டியை இறக்கிவிட்டுப் பொழுது படுமட்டும் போகமாட்டார்.

எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபதாபம் என்றாலும் செத்த வீட்டுக்குப் போகாமல் விடுவதில்லை. போய்வந்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைப்பதும் இல்லை. ஊர்ச் சட்டப்படி முழுக வேண்டும், ராத்தாவின் சட்டப்படி முழுகக்கூடாது. இதில் எது பெரிய சட்டம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தா. மச்சான் தாய்வழியில் வேறு குடி, வேறு வம்சம், அதனால் எங்களுக்கு நாள்கணக்கில் துடக்கு என்ற தீட்டு இல்லை, ஞாயிற்றுக்கிழமையை மாற்றத் தேவையில்லை, தான் மட்டும் போய்வந்தால் போதும். “நீ நில்லு. முடி கெட்டுப்போகும்” என்றா.

“நானும் வாறன்.”

“அப்ப முடி?”

“போனாப் போகட்டும்.”

அம்மா ஏசினா, கெஞ்சினா. கடைசியில் சின்னம்மாவின் தலையில் மஞ்சள் தண்ணி தெளித்தால் போதும், ஊருக்குத் தெரியவா போகிறது என்று தானே ஒத்துக்கொண்டா. காவல்காரி என்பதால் நானும் வேனில் ஏறினேன்.

செத்த வீட்டில் என் குழப்பம் இன்னும் கூடிற்று. நாலு வருடமாக மாமியின் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்புகிற அம்மா, மாமியைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதா. சின்னம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றா. அப்படி நிற்கும்போதே முடியை ரெண்டு காதுக்குப் பின்னாலும் ஒதுக்கினா! நான் சாரியை இழுத்து, கண்ணைக் காட்டினேன். யார் பெற்ற பிள்ளையோ என்பது போல என்னைப் பார்த்தா. அந்தப் பார்வைக்கு நான் பயந்துபோனேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செம்பில் மஞ்சள் கரைத்து எடுத்துவந்தா. உடம்புக்கு வார்க்கும்போது தலையை மூடுவதற்கு நான் ஒரு ஷொப்பிங் பேக்கோடு கிணற்றடிக்கு ஓடினேன். நான் போய்ச் சேருமுன் சின்னம்மா ஒரு வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றிவிட்டா. “அடி பாவி!” என்று அம்மா கத்துவதற்குள் அடுத்த வாளி. அதற்கடுத்தது. அள்ளி அள்ளி ஊற்றினா. பிறகு உடுப்புத் தோய்க்கிற கல்லில் குந்தி, வாய்விட்டு அழுதா. அப்படி ஒரு அழுகையை நான் அதுவரை கேட்டதே இல்லை.

“முடிக்கு இப்பிடி அழுறவள் ஏன்டி ஊத்தினாய்?” என்று அம்மாவும் அழுதுகொண்டே துவாய் எடுக்க உள்ளே போனா.

எனக்குத் தலை சுற்றியது. முடியை நேராக்கும்போது சந்தோசப்படாதவ, போனாப் போகட்டும் என்று சொன்னவ, இப்போது ஏன் இப்படி அழ வேண்டும்? ஆனால் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், “அழாதீங்க சின்னம்மா, முடிதானே. மறுகாவும் நேராக்கலாம்” என்றேன்.

அவ என்னை ஈரத்தோடு இழுத்து அணைத்தா. பிறகு, “ஓம் மனே. முடிக்குத்தான் அழுறன். ஆரும் கேட்டா அப்பிடியே சொல்லு” என்றா.

சொல்லாமல் விடுவேனா! வெள்ளியும் சனியும் அவ அறைக்குள் கிடந்து அழ அழ, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொன்னேன். சில பேர் சிரித்தார்கள், சில பேர் இந்தக் காலத்துப் பெட்டைகளை ஏசினார்கள். வேறு ஒன்றையும் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் வந்து, ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சுருண்டும் கிடந்த முடியையும் வீங்கின கண்களையும் பார்த்தா. நான் முன்னால் போய், படத்துக்கதையில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி, “சின்னம்மா முடிக்காக மூணு நாளா அழுதவ” என்று முடித்தேன். அந்த மனுசி விழுந்து விழுந்து சிரித்தா. “என்ட மகனுக்கும் சுருட்டதான் புள்ள, இதுக்கு ஆரும் அழுவாங்களா?” என்று சின்னம்மாவின் கன்னத்தைத் தடவினா. அந்த இடத்திலேயே கலியாணம் சரிவந்தது. சித்தப்பா நல்ல மனுசன். அவர்களுக்கு இப்போது மூன்று பிள்ளைகள், மூன்றும் சுருட்டை.

மாமா வீட்டோடு பேச்சுவார்த்தை வந்து கன காலத்துக்குப் பிறகு, ஒருநாள் மாமி என்னிடம் தனியாகச் சொன்னா. அந்தப் போகத்து நெல் வெட்டி முடிந்ததும், சண்டையாவது மண்ணாவது, தானே வந்து சின்னம்மாவைக் கேட்கப்போவதாக மச்சான் சொல்லிக்கொண்டிருந்தாராம். சின்னம்மாவுக்கும் அது தெரியுமாம். இப்படி ஒரு வரன் பார்க்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லத்தான் அவவுக்கு வழி கிடைக்கவில்லையாம்.

முடிக்காக அழுதவ என்பது இன்றைக்கும் எங்கள் வீட்டில் பெரிய பகிடி. கலியாண வீடுகளில் என்னையே எழுப்பிச் சொல்லச் சொல்வார்கள். சின்னம்மாவும் இருந்து கேட்டுச் சிரிப்பா. அன்றைக்கே பொய்யென்று தெரிந்திருந்தால் எங்காவது ஓரிடத்தில் நான் தடுமாறியிருப்பேன். முடிக்குத்தான் அழுகிறா என்று நான் சத்தியமாக நம்பியதால்தான் ஊர் முழுக்க நம்பியது.