மதில்மேல் அப்பா

என்னைக் கோடை முகாமுக்கு அனுப்புவது என்று வீட்டில் முடிவானபோது முதலில் கண் கலங்கியது நானில்லை, அப்பாதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை; கம்பெனிக்கு விடுமுறை.

முடிவு அம்மாவுடையது. ஆறாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அப்போதும் ஊட்டிவிட்டால்தான் சோறு இறங்கும்; தலையும் அம்மாதான் பின்னிவிட வேண்டும். அம்மா வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டு, பீஸ் கணக்கில் பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். லீவு விட்டால் நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

"எந்திரிச்சா பீஸ் நின்னு போகுது, எந்திரிக்காட்டி இவ பட்டினி கெடக்கறா. பத்து நாளைக்குத் தனியா இருந்து பழகட்டும்" என்றாள் அம்மா.

"அடுத்த வருசம் பாத்துக்கலாமே" என்றார் அப்பா.

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க."

பேச்சு அத்தோடு முடிந்தது.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி விடுதியில் முகாம். வாசலில் 'ஆளுமை வளர்ச்சி முகாம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். ஆளுமை என்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். "உள்ள போனாக் குடுப்பாங்க கண்ணு" என்றார். ஏதோ பலகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

முகாமை நடத்தியவரைக் கேம்ப் சார் என்று கூப்பிடுவோம். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். முகாம் முடியும்வரை பெற்றோர் பார்க்க வரக்கூடாது, போனும் பண்ணக்கூடாது என்பது அவருடைய சட்டம். "அம்மா வேணும்னு அழற புள்ளைங்கள நெறையப் பாத்துட்டேன். மூணாவது நாள் தானாச் சரியாயிரும்" என்றார். மூன்றாவது நாள் எனக்கு இன்னும் மோசமாகியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஜெபா. அவளுடைய வீட்டார் தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். அவள் பேசுவது எனக்குப் பாதி புரியாது; நான் பேசுவது அவளுக்குப் பாதி புரியாது. அழுவது மட்டும் இருவருக்கும் ஒரே மாதிரி வந்தது. அதில்தான் சிநேகமானோம்.

ஒரு நாள் தடை தாண்டும் பயிற்சி நடந்தது. ஒருத்தி கைகளைக் கோத்துக்கொண்டு நிற்க, இன்னொருத்தி அதில் கால்வைத்து ஏறி உயரமான பலகையைத் தாண்ட வேண்டும். "வாழ்க்கையில எந்தத் தடை வந்தாலும் இப்படித்தான் பயப்படாம ஏறணும்" என்றார் சார். ஜெபா என் காதருகே வந்தாள்.

"ஏட்டி, பொறத்தால இருக்க மதிலு இத விடக் குட்டைதான்" என்றாள்.

சாருடைய பாடத்தை அவ்வளவு சீக்கிரம் வாழ்க்கையில் பயன்படுத்தியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் கபடியில் மும்முரமாக இருந்தபோது இருவரும் பின்பக்கம் நழுவினோம். மதிலைத் தாண்டி, ரோட்டுக்குப் போய், பஸ் ஏறிவிடுவது என்று திட்டம். ஜெபா கைகளைக் கோத்துக் கொடுத்தாள். நான் ஏறி, மதிலின் விளிம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கினேன். எதிரே அப்பாவின் முகம் இருந்தது.

அந்தப் பக்கம் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சீட்டின்மேல் ஏறி நின்றுகொண்டு, மதிலைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மூக்குகளுக்கு நடுவே ஒரு சாண்கூட இருக்காது.

"எங்க கண்ணு போற?" என்றார் அப்பா, கடைசியில்.

"ஊட்டுக்குங்கப்பா. நீங்க எங்க வந்தீங்க?"

"இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தனா, அப்படியே..." என்று இழுத்தார். அவருக்குப் பின்னால் வேலிமுள்ளும் அறுத்துப்போட்ட சோளக்காடும்தான் இருந்தன.

"தெனமும் வர்றீங்களா?"

"தெனமும் இல்ல. முந்தாநேத்து வரல. எல்லாரும் வெளையாடறப்ப நீ மட்டும் ஓரமா நிக்கறயே கண்ணு. அதப் பாத்துட்டுப் போனா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

கீழேயிருந்து ஜெபா, "யாருட்டி அங்க?" என்றாள்.

"எங்கப்பா."

"அப்பம் பஸ்ஸுக்குப் போவாண்டாம். என்னையும் ஏத்திட்டுப் போவாவளான்னு கேளு."

கேட்டேன். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "கூட்டிட்டுப் போனா, நான் எப்படி இங்க வந்தேன்னு உங்கொம்மா கேப்பாளே சாமி" என்றார். என்னை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. கூட்டிக்கொண்டு போகத் தைரியமில்லை. கண்ணிலிருந்து நீர் வழிய ஆரம்பித்தது. துடைத்துக்கொள்ள முடியாது, கையை எடுத்தால் விழுந்துவிடுவார்.

பெரியவர்கள் அழுவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாத திகைப்பில் எனக்கு வரவிருந்த அழுகைகூட நின்றுபோனது.

"அழுவாதீங்கப்பா. நான் இருந்துக்கறேன். நீங்க பதனமாப் போங்க" என்றேன்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. அப்பா திடுக்கிட, மொபெட் சாய, அவருடைய தலை மறைந்தது. வேலிமுள் முறியும் சத்தம் வந்தது. இந்தப் பக்கம் கீழே கேம்ப் சார் நின்றிருந்தார்.

"அங்க ஏறி என்ன பண்ற?"

ஜெபா முந்திக்கொண்டாள். "பிராக்டீஸ் பண்ணுதோம் சார்."

சார் மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். அந்தப் பக்கம் மொபெட் கிளம்ப மாட்டேன் என்று இருமிக்கொண்டிருந்ததைக் கைதட்டல் மறைத்தது.

அதன்பிறகு எனக்கு வேறு வழியில்லை. தைரியசாலி என்று பெயராகிவிட்டது. தைரியசாலி எப்படிச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவது? சாப்பிட்டேன். கபடியில் முதல் ஆளாக இழுத்துப் போனார்கள், போனேன். ஜெபா என் தலையைக் கோணல்மாணலாகப் பின்னிவிட்டாள். அதைச் சகிக்காமல் நானே பின்னிக்கொள்ளப் பழகினேன். சாயங்காலமானால் மதிலை ஒருமுறை பார்ப்பேன். தலை எதுவும் தெரியாது. அது சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

கடைசி நாள் அப்பாவும் அம்மாவும் கூட்டிப்போக வந்தார்கள். "வழி கண்டுபுடிக்கறதே பெரும்பாடாப் போச்சுங்க" என்று அப்பா சாரிடம் சொன்னார். வாசலிலிருந்த வாட்ச்மேன் பழகிய முகத்தைப் பார்த்ததுபோல் அப்பாவிடம் சிரித்தார். சார் பெருமையாக எங்களைப் பின்பக்கம் அழைத்துப்போய், "உங்க பொண்ணு ஏறுன செவுரு இதுதாங்க" என்று காட்டினார்.

"இவ்ளோ ஒசரமாங்க?" என்று அப்பா வியந்தார்.

அம்மா மதிலைப் பார்க்கவில்லை. கம்பெனி டேபிளில் இடித்துவிட்டதாக அப்பா சொல்லியிருந்த முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அம்மா எண்ணெயும் சீப்புமாக வந்து உட்கார்ந்து, "வா கண்ணு, தலை பின்னலாம்" என்றாள்.

"நானே பின்னிட்டேம்மா" என்று திரும்பிக் காட்டினேன். பிறகு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அம்மா என் பின்னலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். "நல்லாத்தான் பின்னியிருக்கற" என்றாள். எழுந்துபோய் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தாள். மிஷின் வெகுநேரம் நிற்காமல் ஓடியது. எட்டிப் பார்த்தேன். ஊசிக்கடியில் துணியே இல்லை. நூல் மட்டும் தன்னைத்தானே சடையாகப் பின்னிக்கொண்டு நீளநீளமாகத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தபடி பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

மிஷினில் ஏதோ ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் விளையாடப் போய்விட்டேன்.