சந்தனம் பூசிய பிளாப்பி

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான் ஒருத்திதான் பிரிவு. அதுவும் தற்காலிக ஊழியர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். மீதி உயிரை வாங்குவதற்கு ஆபீஸில் ஆட்கள் இருந்தார்கள்.

எங்கள் பேண்டேஜை வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒருநாள் புதிதாக விதிகள் அனுப்பியது. பேண்டேஜ் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாதாம். அதற்கு லாட் நம்பர் அடிக்கிற கம்ப்யூட்டரும் யோக்கியமாக இருக்க வேண்டுமாம். தேதி சரியாக ஓட வேண்டும், பாஸ்வேர்டு வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், கேம்ஸ் இருக்கக் கூடாது. இருக்கிறது என்று வாயால் சொன்னால் செல்லாது. ஆய்வுக்கு ஆள் வரும்போது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சோதித்துக் காட்ட வேண்டும்.

மானேஜர் என்னைக் கூப்பிட்டார். "இதுல பாஸாயிட்டோம்னா ஒனக்கு நிரந்தர ஆர்டர் போட்டுருதேன். இல்லைன்னா கம்ப்யூட்டரை எல்லாம் மூடி வச்சுட்டு பழையபடி பேரேடுதான். பொறவு நீயும் பேக்கிங்குக்குப் போயிர வேண்டியதுதான்."

எனக்குப் பேக்கிங் வேலை கேவலம் இல்லை. ஆனால் வீட்டில் சண்டை போட்டுக் கம்ப்யூட்டர் படித்தவள் நான். துணி மடிக்கப் போனேன் என்று வையுங்கள், "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று அம்மா ஆரம்பிப்பாள். அதை ஆயுள் முழுக்கக் கேட்பதற்கு எனக்குத் தெம்பு கிடையாது.

முதலில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக ஒரு நீளமான புரோகிராம் எழுதினேன். எழுதி முடித்த மறுவாரமே பாஸ்வேர்டு விதி மாறியது. எல்லாவற்றையும் திறந்து, எல்லாவற்றிலும் அதே வரியை மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவையும் விதி மாறியபோது எனக்கு வந்த கோபத்தில் மொத்தத்தையும் அழித்துவிட்டேன். அடுப்புக்கு ஒரு தரம் புதிதாக மசாலா அரைப்பாளா ஒருத்தி? ஒரு விதிக்கு ஒரு குட்டி புரோகிராம் என்று பிரித்தேன். எந்தக் கம்ப்யூட்டருக்கு எவை எவை வேண்டும் என்று மட்டும் தனியாக எழுதி வைத்தேன். இனி விதி மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். எல்லாம் ஒரே பிளாப்பியில் அடங்கின. அதை உள்ளே போட்டு ஒரு பட்டனைத் தட்டினால் திரையில் வரிசையாக பாஸ், பெயில் என்று வந்துவிடும்.

வந்தது வினை. எங்கள் கணக்கர் தலை நரைத்த மனிதர். அவருடைய கம்ப்யூட்டர் பெயில் என்று காட்டியதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஏம்மா, எம்புட்டு வருச சர்வீஸ் எனக்கு! பெத்த அப்பன்கூட என்னைய பெயிலுன்னு சொன்னதில்ல."

"உங்களை இல்ல சார், உங்க பாஸ்வேர்டை. சாமி பேரை வைக்கக் கூடாது."

"சாமியவே பெயிலாக்கிட்டியா நீ?"

ஆபீஸ் முழுக்க சாமி பெயர்தான் பாஸ்வேர்டு. டெஸ்பாட்ச்காரர் கம்ப்யூட்டரில் பாட்டரி செத்துப்போய், தினமும் காலையில் அது எண்பதாம் வருஷத்தில் கண் விழிக்கும். கம்பெனி தொடங்குவதற்கு முன்பே பேண்டேஜ் அனுப்பிய பெருமை அவருக்கு உண்டு. பர்சேஸ்காரர் கம்ப்யூட்டரில் கேம்ஸ். எல்லாருக்கும் பெயில் என்றால் ஒரே அவமானம். யாராவது பிளாப்பியைக் காப்பி அடித்து முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடுவார்கள் என்று நான் காபந்து பண்ணினேன். என் பீரோவில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கோடவுனைப் பார்த்துக்கொண்ட பாயிடம் அதன் இரட்டை. வேறு எங்கும் கிடையாது. பாயிடம், "இங்க என்ன செய்றோமோ, அச்சுப் பிசகாம அதையே அங்கயும் செய்யணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

ஆய்வுக்கு வெளிநாட்டுக்காரர்கள் குறித்த நாள் விஜயதசமி. அவர்கள் காலண்டரில் அது வெறும் வேலைநாள். முந்தைய நாள் ஆயுத பூஜைக்கு கணக்கர் என்னிடம் கேட்டு, என் பிளாப்பியையும் பூஜையில் வாங்கி வைத்துக்கொண்டார். நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தேன். மேலே லேபிளில் பொட்டு வைத்திருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். மனிதர் தகரத் தகட்டை ஒதுக்கி, உள்ளே சுழல்கிற கறுப்புத் தகட்டில் சந்தனம் பூசி, அதன் நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்.

"மேலாப்புல வச்சா பிளாஸ்டிக்குக்குல்லா பூஜை? அதோட உசுரு உள்ளல்ல இருக்கு" என்றார்.

கத்துவதற்குக்கூட நேரமில்லை. கோடவுனுக்குப் போன் போட்டேன்.

"பாய், அந்த பிளாப்பிய உடனே குடுத்தனுப்புங்க."

"அனுப்புதேம்மா. சந்தனம் காஞ்சிருச்சான்னு மட்டும் பாத்துக்கிடுதேன்."

"என்ன சந்தனம்?"

"நீங்கதான அங்க செய்றதை இங்கயும் செய்யணும்னீங்க? நேத்து கணக்கர்ட்ட போன் போட்டுக் கேட்டேன், பொட்டு வச்சிருக்குன்னாவ. எங்க தர்கா சந்தனக்கூட்டுச் சந்தனம் வீட்ல இருந்துச்சு. உள்ள, வெளிய ரெண்டு பக்கமும் வச்சாச்சு."

ரிசீவரை வைத்துவிட்டு ஆபீஸ் நடுவில் நின்றேன். பேக்கிங் ஹாலும் அம்மாவின் குரலும் கண்முன்னே வந்தன. மானத்தை விட்டுக் கேட்டேன்.

"யார்ட்டயாவது திருட்டுக் காப்பி இருக்கா? திட்ட மாட்டேன்."

கணக்கர் தொண்டையைச் செருமினார். பாஸ்வேர்டு சோதனை மட்டும் அவரிடம் இருந்தது. பழைய பில்களுக்குள் ஒளித்து வைத்து தினமும் ஒத்திகை பார்த்திருக்கிறார். தேதிச் சோதனை டெஸ்பாட்ச்காரரிடமும் கேம்ஸ் சோதனை பர்சேஸ்காரரிடமும் இருந்தன. அவரவர் பெயிலாகிற பாடத்தை மட்டும் அவரவர் சுட்டு வைத்து, சரியும் பண்ணியிருந்தார்கள். குட்டி குட்டியாகப் பிரித்தெழுதியிருந்ததால் திருடவும் வசதி, இப்போது சேர்க்கவும் வசதி. வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருடர்களைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

பேக்கப் சோதனை மட்டும் யாரிடமும் இல்லை. மறுபடி பாயைக் கூப்பிட்டேன். என்னதான் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள அதை அவர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். போனிலேயே எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"அடுத்து ஒரு சாஞ்ச கோடும்மா."

"எங்கிட்டு சாஞ்சிருக்கு?"

"மேக்க. மலைப் பக்கமா."

"நீங்க எங்க பாத்து உக்காந்திருக்கீங்க?"

"வடக்க பாத்து."

அப்படியென்றால் இடது பக்கம். வாங்கி அடித்து முடித்து, சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஓடியது. பாஸ், பாஸ், பாஸ். கடைசி வரியில் பேக்கப் என்று வந்தது. பெயில்.

அடுத்த கம்ப்யூட்டரிலும் பெயில். அதற்கடுத்ததிலும். அப்புறம்தான் உறைத்தது. நேற்றுப் பூஜைக்கு வைத்த எதையும் யாரும் தொடவில்லை. பேக்கப் மட்டும் எப்படி எடுத்திருப்பார்கள்? மலையைச் சாட்சி வைத்துப் பிறந்த சோதனையே எங்களைக் கவிழ்த்துவிட்டது.

"அந்த ஒண்ணை மட்டும் தூக்கிரு" என்று மானேஜர் காதோடு சொன்னார். "யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்கு அழுகை முட்டியது, அதைவிடக் கோபம் முட்டியது. "தூக்க மாட்டேன் சார். இதைத் தூக்கிட்டா மத்த பாஸை எவன் நம்புவான்? பேக்கிங்குக்கே போயிருதேன்" என்றேன்.

வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் ஆய்வுக்காரர் மதுரையிலிருந்து வந்தார். பஸ்ஸில்தான் வந்தாராம். கார்ச் சாவி இன்னும் அவர் வீட்டுப் பூஜையறையில் இருந்ததாம். ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஓட்டிக் காட்டினேன். எல்லாவற்றிலும் கடைசி வரி பெயில். அவர் மானிட்டர் மேலிருந்த பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து எடுக்கல. இல்லையா?"

"இல்ல சார். பூஜை."

"போற இடமெல்லாம் எல்லாம் பாஸுன்னுதான் காட்டுதாங்க. இங்கதான் சோதனை நிஜமாவே சோதிக்குது." பூஜைக்கு முந்தின நாளே பேக்கப் எடுத்து வைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் சரி போட்டார். பிறகு மானேஜர் பக்கம் திரும்பினார். "இன்னும் ஒரு விதி இருக்கு. சோதனைகளைப் பாத்துக்கிடறவங்க நிரந்தர ஊழியரா இருக்கணும். இவங்க நிரந்தரமா?"

"நிரந்தரம்தான் சார்" என்றார் மானேஜர், கண் இமைக்காமல்.

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

நேற்று அந்த ஆபீஸின் பேனா, ரப்பர் ஸ்டாம்ப், டைப்ரைட்டர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலைமேல் வரிசையாக இருந்தன. ஒரு கையெழுத்துப் போடக்கூட வழியில்லை. டைப்ரைட்டர் மேலிருந்த மாலைகூட இன்னும் வாடவில்லை. ஆய்வுக்காரர் அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அவர் நேற்றுத் தேதியையே எழுதிக்கொண்டார். கிளம்பும்போது என் பக்கம் குனிந்து, "இதுக்கு மட்டும் சோதனை எழுதிராதீங்கம்மா" என்றார்.