வாங்க என்று சொன்ன பக்கம்

மலேசியாவில், செமிலிங் பக்கத்து எஸ்டேட் கோயிலுக்குப் பைத்தானில், ஜாங்கோ வைத்து இணையத்தளம் செய்து கொடுத்தவன் நான். பூசையோ மண்டபமோ, லாகின் செய்து பதியலாம். லாகினை ஏஜாக்ஸில் எழுதியிருந்தேன். அதனால் பக்கம் திரும்ப ஏறாது. பொத்தானைத் தொட்டதும் மேலே "வாங்க" என்று பேரோடு வரும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட.

எங்கள் ஆட்களிடம் குடும்பத்துக்கே ஒரு கணக்குதான், அப்பா பேரில். பழக்கமான அக்கா ஒருவரின் கணவர் இறந்து, துக்கம் கேட்கப் போயிருந்தேன். கருமாதிக்கு மண்டபம் பதிய, அவர் மகள் அப்பாவின் போனை எடுத்தாள். கடவுச்சொல்லைப் போனே வைத்திருந்தது. தொட்டாள்.

"வாங்க" என்று இறந்தவரின் பேர் வந்தது.

சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. என்னையும் சொல்லவில்லை. அக்கா திரையையே பார்த்தார்.

"அவர யாரு கூப்பிட்டது?"

அன்றிலிருந்து அக்கா வாசல் கதவைச் சாத்தவில்லை. கருமாதி முடிந்தும் அப்படியே. அம்மாவைப் பாலிங் ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த மகள் எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அம்மா வர மாட்டேங்குறாங்க. அப்பா வீட்டுக்குள்ள இருக்காராம். ஏதாச்சும் பண்ணுங்கலா."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நானே எழுதிய ஒரு வரிக்கு இத்தனை கூத்தா? நிர்வாகப் பக்கத்தில் இறந்தவர் கணக்கில் 'செயலில் உள்ளது' என்ற கட்டத்தின் குறியை எடுத்து முடக்கினேன். தொல்லை விட்டது என்று மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன்.

மகளின் காரில் அக்காவின் பை ஏறியிருந்தது. அக்கா மட்டும் ஏறவில்லை. போனைத் தொட்டு என்னிடம் நீட்டினார். பக்கம் அசையாமல் இருக்க, கீழே சிவப்பு எழுத்து வந்தது: நுழைய அனுமதி இல்லை.

"உள்ள இருந்தவர யாரு தம்பி வெளிய தள்ளுனது? மழையில நிக்கிறாரு. தொறந்து விடு."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கோ வாசல் பக்கம் திரும்பவே பயம். மடிக்கணினியைத் திறந்து குறியை மறுபடியும் போட்டேன். அக்கா கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மகள் காரிலிருந்து பையை இறக்கினாள்.